சகாயம்மா வீட்டு முறை

ஆவணி பிறந்தால் எங்கள் சபையின் விசுவாசத்துக்கு வியர்த்துவிடும். கச்சான் காற்று கல்முனைக்குள் அனலை அள்ளிக்கொண்டு வந்த முதல் ஞாயிறே ஆலயத்தில் பாதி வாங்கு காலி. பள்ளிக்கூட விடுமுறை என்று ஒரு கூட்டம் நுவரெலியாவில். மிச்சப்பேர் வீட்டில், காற்றாடிக்குக் கீழே. அன்றைக்குப் போதகர் நெற்றியைத் துடைத்துத் துடைத்து, "வெயில் காலத்திலும் சபை வாழ்வில் தளராமல் ஈடுபடுவோம்" என்று பிரசங்கித்தார்.

தளராமல் ஈடுபடுவதற்குச் சபைச் செயலாளர் டனிஸ்டன் வழி கண்டுபிடித்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை வீட்டுக்கு வீடு முறைவைத்து நடத்துவது எங்கள் வழக்கம்; சிற்றுண்டியும் முறைக்காரர் பொறுப்பு. இனி வெயில் தணியும்வரை யாருடைய முறை வந்தாலும் கூட்டம் ஏசி பூட்டிய அவருடைய வீட்டில்தானாம். இப்படியொரு பரிசுத்தமான யோசனை ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கிழமை முறை என் பக்கத்து வளவுச் சகாயம்மாவுடையது. அவளுடைய புருஷன் நேசராசா போன மார்கழியில் ஆலயக் கூரையில் நத்தார் நட்சத்திரம் கட்ட ஏறி விழுந்தவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பாடகர் குழுவில் அடிக்குரல் பாடிய மனுசன், அதற்குப் பிறகு ஆலயத்தைக் காணவேயில்லை. சபை தன் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு பாட்டாவது பாட வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. எங்கள் முறை எப்போது, எப்போது என்று சகாயம்மாவைக் கேட்டபடி கிடந்தார்.

அவள் டனிஸ்டனிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"தம்பி, இந்தக் கிழம மட்டும் எங்கட வீட்ட வைங்க. அவர் காத்துட்டு இரிக்கார்."

"உங்கட வீடு தகரம்தானே அக்கா. இந்த வெக்கையில வயசான ஆக்களுக்கு ஏலா. அண்ணனுக்கு நான் வீடியோ கோல் எடுக்கன். போன அவருக்குப் பக்கத்தில வச்சிட்டு வாங்க, படுத்துட்டே கூட்டத்தில சேரலாம்." போகத் திரும்பியவளைக் கூப்பிட்டு, "ரோல்ஸ மட்டும் செஞ்சி கொண்டு வந்திருங்க. உங்கட முறைதானே," என்றார்.

அந்த முகத்தில் வெட்கம் மருந்துக்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

புதன் பின்னேரம் சகாயம்மா டனிஸ்டன் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வீட்டு நாச்சியாவிடம் இரவல் வாங்கிய பெரிய சஹன் தட்டு நிறைய ரோல்ஸ். பிளாஸ்கில் தேத்தண்ணி. ஏசி அறையில் ஞாயிறு ஆராதனையில் காணாத முகமெல்லாம் இருந்தது. குளிர் கூடிவிட்டது என்று ஒருவர் சால்வை கேட்டார்.

டனிஸ்டன் தன் கைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து நேசராசாவுக்கு அழைப்பு எடுத்தார். மணி அடித்தது, நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடியும் அடித்து நின்றது.

"அண்ணன் தூங்கிட்டார் போல."

"கவரேஜ் இல்லயாக்கும்," என்றார் சால்வைக்காரர்.

சகாயம்மா எழுந்து நின்றாள். "அவருக்குக் கை ஏலாது. நீங்க சொன்ன மாதிரித்தான் தலமாட்டில போன வச்சிட்டு வந்தன். அது அடிக்கிறதப் பாத்துட்டுக் கிடப்பார்."

போதகர் தொண்டையைச் செருமினார். "அப்படியெண்டா சகோதரருக்காக விசேஷமா ஜெபிப்பம்," என்று கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள். கண்ணை மூடுவதில் எங்கள் சபையை மிஞ்ச ஆளில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மேசையில் சஹன் இல்லை. சகாயம்மா அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரோல்ஸ்..." என்றார் டனிஸ்டன். அவ்வளவு நடந்தும் அவர் வாயில் வந்த சொல் அதுதான்.

"எங்கட முறை, எங்கட வீட்டதான் சாப்பாடு. வாங்க."

நான் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன். ஒழுங்கை முனையில் திரும்பிப் பார்த்தேன். முதலில் சால்வைக்காரர் வந்தார். பிறகு இரண்டு மூன்றாக மற்றவர்கள். பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு போதகர். கடைசியாக, ஏசியை நிறுத்திவிட்டு டனிஸ்டன்.

சகாயம்மா சஹனை அலுமாரிக்கு மேலே வைத்தாள். முதலில் பாட்டு என்றாள். தகரத்தின் கீழே வியர்வை வழிய, கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். கண் அலுமாரியில்தான். நேசராசா அடிக்குரலில் சேர்ந்துகொண்டார், உடைந்த குரலில், ஆனால் சுருதி தப்பாமல். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. சகாயம்மா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்த கையோடு சஹனைச் சுற்றி நெரிசல். நேசராசா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பாத்தியா மேர்சியா, இந்த வெயிலெண்டும் பாக்காம எனக்காக வந்திரிக்காங்க."

அவர் தலைக்கு மேலே நின்று டனிஸ்டன் இரண்டாவது ரோலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணன்," என்றேன்.