போர்வை வீடு

கட்டட மேற்பார்வையாளருக்குச் சனிக்கிழமை காலையில் திடீரென்று ஞானம் பிறந்தது. "இந்தச் சனி, ஞாயிறு எங்கேயும் போகப் போறதில்ல. வீட்டுலயே புள்ளைங்களோட சிம்பிளா இருக்கப் போறேன்" என்று, ஏதோ பெரிய தியாகம் செய்கிறவர்போல மனைவியிடம் அறிவித்தார். வாரம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தவள் பட்டாணிக் கூடையோடு சமையலறைக்குப் போனாள்.

கூடத்தில் மகளும் அவள் தம்பியும் நாற்காலிகள் மேல் போர்வையைப் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பொறுக்குமா?

"இதெல்லாம் ஒரு வீடா?" என்று மொத்தத்தையும் பிரித்துப் போட்டார். அளவு நாடா வந்தது. துணி கிளிப்புகள் வந்தன. நாற்காலிகள் நூல் பிடித்தாற்போல நின்றன. மகன் தலையணையோடு உள்ளே நுழையப் பார்த்தான்.

"வேலை நடக்கிற இடத்துல யாரும் வரக் கூடாது!"

மகள் ஆசையாக ஒரு கிளிப்பை நீட்டினாள்.

"கை வைக்காதே, சரிஞ்சிரும்!"

பிள்ளைகள் சமையலறைக்குப் போய் அம்மாவோடு பட்டாணி உரித்தார்கள். உரித்ததில் பாதி அவர்கள் வாய்க்குள் போனது. அவர்கள் சிரித்த சிரிப்பு கூடம்வரை கேட்டது. அவர் காதில் மட்டும் விழவில்லை. போர்வையில் விழுந்த ஒரு சுருக்கம் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போர்வைக்குள்ளிருந்து, "முடிஞ்சிருச்சு! எல்லாரும் வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

மகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் காதோரம் வாயை வைத்து, நம்பிக்கையோடு கேட்டாள்: "அம்மா, அப்பா இனிமே அந்த வீட்டுலயே இருந்துக்குவாரா?"