அரை மணி நேரத் தண்ணீர்

சேரனுக்கு ஆஸ்திரேலியாவில் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. ஆனாலும் தை மாதம் வந்தால் அங்கே யாரோ ஆறு நாள் சைக்கிள் மிதிக்க, பாபநாசம் பக்கத்து வயலில் இவனுக்கு மூச்சு வாங்கும். கூட்டாளிகள் ஆறு பேர் போனில் ஒரு லீக் வைத்திருந்தார்கள். ஆளுக்கு எட்டு வீரர்களைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஓட்டுவதற்கு ஏற்பப் புள்ளி. காசுப் பந்தயம் இல்லை. ஜெயித்தவர் மற்றவர்களை ஒரு வருஷம் கிண்டல் செய்யலாம், அவ்வளவுதான். போன வருஷம் ஜெயித்த அதிராம்பட்டினத்து ஃபாஜில் அந்த உரிமையை ஒரு நாள்கூட வீணாக்கவில்லை.

பந்தயத்தின் மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சேரன் தன் இரண்டாம் போக நெல்லான தாளடிக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டான். எட்டு மணிக்கு நிறுத்தியாக வேண்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் காத்தாயியின் மூன்று மா நிலம். அறுப்புக்கு நிற்கும் நெல்லுக்குள் அவள் முந்தின நாள்தான் உளுந்து தெளித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அறுக்கப் பத்து நாள் இருக்கும்போது, மண் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கையில் தெளித்துவிட்டால், நெல் போனதும் உளுந்து தலைதூக்கும். தண்ணீர் மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் விதை அழுகிவிடும்.

கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே அவள் சொன்னாள். "சேரா, தண்ணி எம் பக்கம் வராம பாத்துக்கடா."

"நான் இருக்கேன்ல சின்னம்மா, போய்ட்டு வாங்க."

இருந்தான், இருந்தான்! மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து போனைத் திறந்தான், சனியன் பிடித்தது. கணக்குக்கு எட்டாவது ஆளாக அவன் சேர்த்திருந்த, யாரும் சீந்தாத ஒரு நார்வே பையன், கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். எட்டு மணி ஆனது. இன்னும் பத்து நிமிஷம் என்று நினைத்தான். எட்டரைக்கும் பத்து நிமிஷம்தான், ஒன்பதுக்கும் பத்து நிமிஷம்தான். "ஃபாஜிலு, உங்க ஆளுங்க எங்கடா, டீ குடிக்கப் போய்ட்டாங்களா?" என்று குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுத் தள்ளினான்.

பையன் ஜெயித்தபோது மணி ஒன்பதே முக்கால். சேரன் குதித்துக்கொண்டு வெளியே வந்தால், வரப்பு உடைந்து காத்தாயி வயல் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தினான். கீழ்வரப்பை வெட்டிவிட்டான். களிமண் நிலம், லேசில் விடுமா? தண்ணீர் வடிய மத்தியானம் இரண்டு மணி ஆனது.

நாலு மணிக்குக் காத்தாயி பட்டுச்சேலையோடு வரப்பில் வந்து நின்றாள். "என்னடா, மண்ணு சொதசொதன்னு கெடக்கு?"

"நண்டு வளை சின்னம்மா. வரப்பு ஒடச்சிக்கிச்சு. அடச்சி வடிச்சிட்டேன்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

அவள் சும்மா கேட்கவில்லை. வீட்டில் இன்னும் மூன்று மரக்கால் விதை இருந்தது. ரொம்ப நேரம் நின்றது என்றால் மறுநாளே மறுபடி தெளித்துவிடுவாள். அது சேரனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

"அரை மணி நேரம்தான்."

"அப்ப ஒண்ணும் ஆவாது. நல்லவேள நீ இருந்த" என்றாள் அவள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

காத்தாயியின் மகள் சுடர்விழி ஓசூரில் வேலை பார்க்கிறாள். லீக் ஆறு பேரில் அவளும் ஒருத்தி. அன்று சாயங்காலம் சேரனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "அண்ணே, ஒம்போது மணிக்கு நீங்க போட்ட வாய்ஸ்ல மோட்டார் சத்தம் கேக்குது. அம்மா அரை மணிங்கிறாங்க. நெசமா?" படித்தான், பதில் போடவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள் போனது. சொன்னால் மானம் போகுமே என்று இன்னொரு நாள். பந்தயம் முடிந்து சேரன் முதலிடம் வந்தான். ஃபாஜிலே தோற்றேன் என்று ஒப்புக்கொண்டான். சுடர்விழி மட்டும் குழுவில் வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, இவனுக்குச் சோறே இறங்கவில்லை. தினம் மூன்று தடவை போய் நெல்லை விலக்கி முளை தேடினான். ஐந்தாம் நாளும் ஊதி அழுகிய விதைதான் கிடைத்தது. நாலு நாளில் அறுப்பு மெஷின் வருகிறது. இனித் தெளித்தாலும் முளை அதன் அடியில் நசுங்கும்.

அன்றைக்குத்தான் வயலுக்கு வந்திருந்த அவளிடம் போய்ச் சொன்னான். "நண்டும் இல்ல, வளையும் இல்ல சின்னம்மா. சைக்கிள் ரேஸ் பாத்துக்கிட்டு மோட்டார நிறுத்தாம விட்டுட்டேன். மத்தியானம் வரைக்கும் தண்ணி நின்னுச்சு. பொய் சொல்லிட்டேன்."

காத்தாயி கத்தவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

"சுடரு அன்னிக்கே போன் பண்ணுனாடா. 'மறுவெத தெளிச்சிடும்மா, அண்ணன் சொல்றது சரியாப் படல'ன்னா. நான் அவள என்ன பேச்சு பேசுனேன் தெரியுமா? 'சேரன் அரை மணின்னா அரை மணிதான். ஊர்ப்புள்ளய சந்தேகப்படுற நீ இனிமே எனக்குப் போன் பண்ணாத'ன்னேன். அஞ்சு நாளா அவ பண்ணல."

சேரன் அவள் பக்கத்தில் வரப்பில் குத்தவைத்தான்.

"நீயே போட்டு அவகிட்ட சொல்லு. எனக்குப் பேச வாயில்ல."

போட்டான். முதல் மணியிலேயே சுடர்விழி எடுத்தாள். "அண்ணே, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

அது காத்தாயிக்கும் கேட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.