தோற்காத தம்பி

கால்பந்து விளையாட்டில் என் தம்பி தோற்றதே கிடையாது. டி.வி.யில் வீடியோ கேம் பெட்டியை மாட்டி வீட்டுக்குள் ஆடுகிற விளையாட்டைச் சொல்கிறேன். டீம் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் ஆக்குவான். நான் பந்தோடு ஓடினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவான். நான் கோல் போட்டால் செல்லாது என்று முதலிலிருந்து ஆரம்பிப்பான். அப்படியும் தோற்பான் போலிருந்தால், இருக்கவே இருக்கிறது பிளக், பிடுங்கிவிடுவான். இவனோடு ஆடி எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

இப்பேர்ப்பட்டவன், கேம் சென்டரில் மெஷின் பழுது பார்க்கும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டும் விட்டான். "என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றிருக்கிறாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"ஆட்டம்தானேக்கா, ஜெயிச்சிடலாம்."

அங்கே உட்கார இடமில்லை. ஆளுயர மெஷின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆடுகிற ஸ்டிக்கை மெஷினோடு சேர்த்துத் திருகி வைத்திருந்தார்கள். இவன் யோசித்து முடிப்பதற்குள் மெஷினே ஒரு டீமைக் கொடுத்துவிட்டது. ஃபவுல் என்ற பேச்சே இல்லை. அவளுடைய ஆட்கள் இவனுடைய ஆட்களைத் தள்ளிவிட்டுப் பந்தைக் கொண்டுபோனார்கள்.

"நிறுத்துற பட்டன் எது?"

"கிடையாது."

"தண்ணி குடிக்கணும்."

"குடிங்க. ஆட்டம் நிக்காது."

நாலாவது கோல் விழுந்ததும் தம்பி மெஷினுக்குப் பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். பழக்கதோஷம். அந்த வரிசைக்கே அது ஒன்றுதான் பிளக் போலிருக்கிறது, எல்லா மெஷினும் அணைந்தது. பக்கத்து மெஷினில் கார் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஸ்டியரிங்கை விடாமலே எங்கள் பரம்பரையைத் திட்டினார். எனக்கு மானமே போயிற்று.

அவள் பிளக்கை மாட்டினாள்.

"முதல்லேர்ந்து ஆடலாம். இந்தத் தடவை முடியிற வரைக்கும் நில்லுங்க."

"தோத்துட்டா?"

"நில்லுங்கன்னுதான் சொன்னேன். ஜெயிங்கன்னா சொன்னேன்?"

நின்றான். ஏழு கோல் வாங்கினான். ஒருதரம் கை பிளக் பக்கம் போயிற்று, இழுத்துக்கொண்டான். விசில் ஊதியபின், திரையில் அவன் டீம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போவதைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்தான்.

"எங்க வீட்டுக்கு வந்து பேசுங்கக்கா" என்றாள் அவள் என்னிடம்.

எனக்கு அது சட்டென்று காதில் ஏறவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றால் இவன் முகம் எப்படி ஆகும் என்று இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பாவமாக இருந்தது. இந்த முகத்தை முன்னாடியே காட்டியிருந்தால் நானே எத்தனையோ ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருப்பேன்.