சாப்பிட வாங்க

என் வீட்டுக்காரர் சந்திரகுமாருக்கு புசல்லாவை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசிலோடு நின்று கத்துவார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரைப் பிடித்துத் திட்டித் தீர்த்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த மனுசனுக்கு நேரம் காலம் கிடையாது.

பலகை விளையாட்டு கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பைத்தியம். கடைசியாகச் செய்தது பஸ் விளையாட்டு. எங்கள் மகள் சுகிர்தாவின் கலர் பென்சிலையெல்லாம் தீர்த்து, ஒரு பெரிய அட்டையில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை ரோட்டை வரைந்தார். ஆளுக்கொரு பஸ். தாயக்கட்டையை உருட்டிப் போக வேண்டும். ஹோல்ட்டில், அதாவது பஸ் நிற்கிற இடத்தில், நின்றால் ஆள் ஏறும். நின்றுகொண்டே இருந்தால் பின்னால் வரும் பஸ் முந்திப் போய் அடுத்த ஹோல்ட் ஆட்களை அள்ளிக்கொள்ளும். நுவரெலியா போனதும் திரும்பி கண்டிக்கு, மறுபடியும் நுவரெலியாவுக்கு. அதிக ஆள் ஏற்றியவருக்கு வெற்றி. ஒரு வருடமாக அவரும் சுகிர்தாவும் அவருடைய தம்பி சுமனும் பின்னேரமானால் இதே வேலையாக இருந்தார்கள்.

இதற்கு முன்பு செய்த இரண்டையும் கொழும்புக் கம்பனிகள் வேண்டாம் என்றுவிட்டன. “இதுவும் சரிவரலேன்னா எல்லாத்தையும் அடுப்புல போட்ரு பாலா. நான் இனி தொட மாட்டேன்” என்று என்னிடம் சொன்னார். சும்மா வாய்க்குச் சொல்கிற ஆள் இல்லை. விறகு மிச்சம் என்று வெளியே சிரித்து வைத்தேன். பகல் முழுக்க டீசல் புகையில் நின்று தொண்டை கட்டிப்போய் வருகிறவருக்கு அந்த அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் முகம் தெளியும். அதுவும் போய்விட்டால் எனக்கு என் புருசன் மிஞ்சமாட்டார் என்று பயந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கம்பனி கூப்பிட்டது. துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். புது விளையாட்டுகளைப் பார்த்து முடிவு சொல்பவர் மஸாஹிரா மிஸ். சிரிப்பு என்பதைக் கடையில்கூடப் பார்த்திராத முகம்.

“எங்கட ஆக்கள் மூணு பேர் நீங்க எழுதின விதிகளைப் படிச்சு விளையாடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை பேச ஏலாது” என்றார். “வாங்கிற ஆளுக்கு உங்களையும் பெட்டிக்குள்ள வச்சு விக்க ஏலாதே.”

நியாயம்தான். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரக் கதிரைகளில் உட்கார்ந்தோம்.

ஆரம்பம் ஜோராக இருந்தது. ரம்பொடை வளைவில் ஒருவர் மற்றவரை முந்த, “அடேய், என் ஆள அள்ளிட்டுப் போறான்!” என்று சத்தம். பக்கத்தில் இருந்த இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பஸ்கள் நுவரெலியா போயின, கண்டி வந்தன, மறுபடியும் போயின. மறுபடியும் வந்தன. சத்தம் குறைந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார்.

“இது எப்ப முடியும்?” என்று ஒருவர் கேட்டார். விதிகள் எழுதிய தாளை முன்னும் பின்னும் புரட்டினார்கள். அதில் ஒன்றும் இல்லை. இவர் வாயைத் திறந்தார். மஸாஹிரா மிஸ் விரலை உயர்த்தினார். இவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் நான் சாப்பிடக் கூப்பிட்டால் ஆட்டம் முடியும். கூப்பிட்ட நேரத்தில் யாருக்கு ஆள் அதிகமோ அவர் ஜெயித்தார். அது ஒரு விதி என்று இவருக்குத் தோன்றவே இல்லை. அடக் கடவுளே! ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் சொல்கிற மனுசன் சொந்த பஸ்ஸுக்கு நேரம் எழுத மறந்துவிட்டார்.

மஸாஹிரா மிஸ் பேனையை மூடினார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பில் அந்த அட்டை எரிவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. எனக்குப் பசி, பசியோடு கோபம், கோபத்தோடு அழுகை. எழுந்து நின்று, வீட்டில் போடுகிற அதே குரலில் கத்திவிட்டேன்.

“போதும்! அப்படியே வச்சிட்டு சாப்பிட வாங்க!”

மூன்று பேரும் துள்ளி விழுந்தார்கள். “ஐயோ, ஒரே ஒரு ஆள்! அடுத்த ஹோல்ட்ல ஏறியிருப்பான்!” என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். “கூப்பிட்டாச்சு, கைய எடு!” என்று மற்றவர் பாய்ந்தார். கொட்டாவி விட்டவர் எழுந்து நின்று ஆட்களை எண்ணினார். அறையே சண்டைக்காடு.

மஸாஹிரா மிஸ் பேனையைத் திறந்தார். என்னைத் திட்டவில்லை.

“வீட்டில எப்ப கூப்பிடுவீங்க? சோறு வெந்த உடனேயா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லையே.

“சோறு எப்பவோ வெந்துரும் மிஸ். நான் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பேன். என் மக சத்தம் கூடினா அவ முன்னால இருக்கான்னு அர்த்தம். உடனே கூப்பிட்ருவேன். இவரு சத்தம் கூடினா வெங்காயம் வெட்டிக்கிட்டே இருப்பேன்.”

“அடிப்பாவி!” என்று இவர் கதிரையை விட்டு எழுந்தார். “அப்ப ஒரு வருசமா நான் தோத்ததெல்லாம்?”

“எல்லாம் மகளுக்காக இல்லங்க. சுமன் பொறந்தநாளுக்கு அவனுக்காகக் கூப்பிட்டேன்.”

மஸாஹிரா மிஸ் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

“மூணு பேர் விளையாட்டுன்னு எழுதியிருக்கீங்க” என்று இவரிடம் சொன்னார். “இது நாலு பேர் விளையாட்டு. நாலாவது ஆள் ரகசியமா ஒரு பஸ்ஸைத் தெரிவு செஞ்சு வச்சிட்டு, திரும்பி உக்காந்து, சத்தத்தை மட்டும் கேட்டுக் கூப்பிடணும். யாருக்காகக் கூப்பிடப் போறாங்கன்னு மத்தவங்க யோசிச்சே பைத்தியமாகணும். அதை எழுதிட்டு வாங்க, நாங்க எடுக்கிறோம். பெட்டியில ரெண்டு பேர்ட பேரும் வரணும்.”

இவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோசம்தான், பெரிய சந்தோசம். ஆனால் திரும்பும் பஸ்ஸில் நாலாவது ஆள் என்ற அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு வருடமாக அந்த அட்டை எங்கள் வீட்டில் கிடக்கிறது. யாரும் எனக்கொரு பஸ் தரவில்லை. நானும் கேட்கவில்லை. யாராவது சமைக்க வேண்டுமே. அது எனக்குக் குறையாகவும் தெரிந்ததில்லை, அன்று வரைக்கும்.

கம்பளை தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“பாலா, நீ விளையாடினா எந்த கலர் பஸ் எடுப்ப?”

“செவப்பு” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு நான் சமைக்கிறேன் என்று இவர் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சுகிர்தா பச்சை, சுமன் நீலம். முதலில் எனக்கு ஒரு மண்ணும் ஓடவில்லை. கம்பளையிலேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்! லபுக்கலையில் சுமனை முந்தி அவனுடைய ஆட்களை மொத்தமாக அள்ளினேன். “நான்தான்! நான்தான்!” என்று கூரை பறக்கக் கத்தினேன். பக்கத்து வீட்டு அங்கம்மாக்கா என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

“சாப்பிட வாங்க!” என்று அடுப்படியிலிருந்து விசிலோடு சத்தம் வந்தது.

எண்ணிப் பார்த்தோம். சுகிர்தாவைவிட எனக்கு ஓர் ஆள் அதிகம்.

“அப்பா கள்ளாட்டம்!” என்று சுகிர்தா அடுப்படிக்கு ஓடினாள்.

இவர் தலையைச் சொறிந்துகொண்டே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் எடுத்தேன். சோறு பாதிகூட வேகவில்லை.

யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.