ஆளில்லா வீட்டின் பெயர்ப்பலகை

எங்கள் உம்மாவைக் கொன்றது கருப்பைவாய்ப் புற்றுநோய். ஊருக்கு மட்டும் அது வயிற்று நோவு. என் அக்கா, றபீக்கா ராத்தா, அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நோய் வராமல் இருக்க இப்போது பள்ளிக்கூடத்தில் தரம் ஆறு பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறார்கள். ராத்தாவின் மகள் இன்ஷிரா இந்த வருடம் தரம் ஆறு. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் செய்வதும் இந்த வகைத் தடுப்பூசி ஆராய்ச்சிதான். அவளுக்குப் போடுவதைக் கண்ணால் பார்க்கவே லீவு எடுத்து ஊருக்கு, சாய்ந்தமருதுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால், ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாம். சொன்னவர் ராத்தாவின் புருஷன் முத்தலிப் மச்சான். கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய்யைக் கிளப்பி அம்பாறையில் முஸ்லிம் கடைகளை உடைத்தார்களே, அன்று மச்சானின் கடையும் போனது. சூடு கண்ட பூனை அடுப்படியை நாடாது என்பார்கள். இவர் அடுப்புக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

"அண்டைக்கு அது பொய். இது உண்மையா இரிக்கலாம்தானே மச்சி?" என்று கொழுந்தியான என்னிடமே கேட்டார்.

ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, வளவில் இன்ஷிராவுக்காக எழும்பும் வீட்டைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் பெண்ணின் கலியாணத்துக்கு வீடு வேண்டும், அவள் சின்னவளாக இருக்கும்போதே கட்டத் தொடங்கிவிடுவோம். சுவர் நின்றது, ஆள் இல்லை.

"ஊசிக்குள்ள இரிக்கிறதும் இதுதான் மச்சான். வைரஸ்ட வெளிச்சுவர் மட்டும். உள்ளுக்கு ஆளில்ல, அது பெருகாது. ஒடம்பு சுவரப் பாத்து எதிரிய அறிஞ்சு வெச்சிக்கும். அந்தச் சுவரில என்ன பலகையயும் மாட்டலாம். எங்கட ஆய்வுகூடத்தில வேறொரு நோயிட பேர்ப்பலகைய மாட்டிப் பாக்கிறம், ஒடம்பு அதையும் அறிஞ்சிக்கும். பள்ளிக்கூட ஊசியில பலகை ஒண்டும் இல்ல, வெறும் சுவர்."

மச்சானின் முகம் தெளிந்தது. "இத அப்பிடியே மஹல்லா வாட்ஸப் குறூப்பில ஒரு வொய்ஸ் போடுங்க மச்சி. எல்லார்ர பயமும் போகட்டும்."

போட்டேன். படித்த கொழுப்பு, வேறென்ன. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது வெட்டுப்பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. என் குரல்தான்: "அந்தச் சுவரில என்ன பலகையயும் மாட்டலாம்." அவ்வளவுதான் மிச்சம். கீழே யாரோ எழுதியிருந்தார்கள், நம்மட புள்ளயே சொல்லுது, என்னத்த மாட்டியிருக்காங்களோ என்று. முழுவதையும் திரும்பப் போட்டேன். கேட்பாரில்லை. மச்சானும் வெட்டினதைத்தான் நம்பினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஊசிப்பெட்டி வந்தபடியே திரும்பியது. இன்ஷிரா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் உட்கார்ந்து புட்டுத் தின்றாள்.

"நான் கிளினிக்குக்குக் கூட்டிப் போறன் ராத்தா," என்றேன். "விடாட்டி, உம்மா என்ன நோயில மௌத்தாப் போனா எண்டு அதே குறூப்பில சொல்லுவன். அப்பவாவது பயப்படுவாங்க."

ராத்தா எழுந்து கதவைச் சாத்தினாள். கடைசி நாட்களில் உம்மாவின் இரத்தச் சீலைகளைக் கழுவியவள் அவள்தான். அழுதுகொண்டே சொன்னாள்:

"வாயத் தொறந்திராத சஹ்லா. பரம்பர நோய் எண்டுவாங்க. புள்ளய ஆர் கட்டுவான்?"

கட்டிக் கொடுக்கப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. சன்னல் பக்கம் திரும்பினேன். வளவில் மேசன்மார் இன்ஷிராவின் வீட்டுக்கு வாசல் நிலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.