இது என் முதுகு இல்லை

மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தையும் அன்று எடுத்த படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட கம்ப்யூட்டர், திரை முழுக்கச் சிவப்பு வட்டங்களாகப் போட்டுத் தள்ளியது. படமெடுக்கும் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்குப் புதுசா பதினேழு மச்சம் வந்திருக்கு. பழசுல இருபத்தாறு காணோம்."

"காணாமப் போறதுக்கு மச்சம் என்ன கோழியா?" என்றாள் துணைக்கு வந்திருந்த நாத்தனார். "எங்க அண்ணிகூட யாருதான் ஒத்துப்போவாங்க? சொல்லாம கொள்ளாம ஓடிடுச்சு போல."

அண்ணி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி அங்கியை முன்னால் இறுக்கிப் பிடித்தபடி திரையின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான முதுகு. நிலம் அளக்கும் கருவியின் முக்காலியைச் சுமந்து சுமந்து வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. கழுத்தில் சட்டைக் காலர் வரைக்கும் கருப்பு, அதற்குக் கீழே வேறொரு ஆள் போல வெளுப்பு.

"இது என் முதுகு இல்லைம்மா," என்றாள். "எங்க வீட்டுக்காரரோடது."

நாத்தனார் வாயில் இருந்த அடுத்த கேலி அப்படியே நின்றுவிட்டது.

நடந்தது என்னவென்று அண்ணிக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் நில அளவையர். அவள் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருந்த மச்சத்தை முதலில் கவனித்தவர் அவர்தான். "மிளகளவு இருந்தது இப்ப எல்லை தாண்டுது. இது ஆக்கிரமிப்பு கேஸ்," என்று நச்சரித்து இங்கே அழைத்து வந்தார். டாக்டர் அம்மா விளக்குப் பொருத்திய சின்ன லென்சைத் தோலில் வைத்துப் பார்த்துவிட்டு, கத்தியும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், முதுகையும் கைகால்களையும் படமெடுத்து வைப்போம், அடுத்த முறை ஒப்பிட்டால் மாறுகிறதா என்று தெரிந்துவிடும் என்றார். வெயிலில் திரிகிறவர் என்று அவருக்கும் எடுக்கச் சொன்னார். அறை வாசலில் இவளுக்குக் கூச்சம் வந்து கால் நகரவில்லை. "குடு, உள்ள புலி இருக்கான்னு பாத்துட்டு வரேன்," என்று அவள் கையில் இருந்த டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு அவர் முதலில் போனார். அவர் டோக்கனோடு இவள் பின்னால் போனாள். படங்களில் முகம் கிடையாது. டோக்கன் எண் எந்த ஃபைலைத் திறந்ததோ அதில் போய் உட்கார்ந்துகொண்டன.

நாலு மாதம் கழித்து அவர் உள்ளங்காலில் ஒரு கருமை வந்தது. ஷூ கடித்த ரத்தக்கட்டு என்று யாரிடமும் காட்டாமல் திரிந்தார். ஊரையெல்லாம் அளந்தவர் தன் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தபோது புற்று இடுப்புவரை ஏறியிருந்தது. அதற்குப் பிறகு இவள் தன் மச்சத்தை நினைக்கவே இல்லை. நாத்தனார்தான் இன்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தாள்.

டாக்டர் அம்மா வந்து இரண்டு ஃபைலையும் திறந்து பார்த்தார்.

"உங்க படம் அவர் ஃபைல்ல பத்திரமா இருக்கு. ஆனா காலமானவங்க ஃபைலை ஒரு வருஷம்தான் வெச்சிருப்போம். அவரோடது இந்த மாசக் கடைசியில அழிஞ்சிடும். இப்பவே மாத்திடணும்."

"மாத்தினா அவர் படம்?"

"அவர் ஃபைலோட போயிடும்."

"ஒரு காப்பி குடுக்க முடியாதா டாக்டர்?"

"அவரவர் படத்தை அவரவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்க முடியும். என் கையில இல்லம்மா."

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "இது என் பேர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டா?"

"அப்போ உங்க மச்சம் மாறியிருக்கான்னு சொல்ல முடியாது. ஓரம் கொஞ்சம் கலங்கலா தெரியுது. பழைய படம் இல்லன்னா வெட்டி எடுத்துத்தான் பாக்கணும்."

"வெட்டிக்கலாம்," என்றாள் அவள் உடனே.

"அண்ணி!" நாத்தனார் எழுந்துவிட்டாள். "அண்ணன்தான் யாருகிட்டயும் சொல்லாம போனான். நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டே போகப் போறீங்களா? எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

டாக்டர் அம்மா நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "வெட்டறது பெரிய விஷயமில்ல. அடுத்த வருஷம்? அதுக்கடுத்த வருஷம்? அவர் முதுகை வெச்சுக்கிட்டு உங்களை நான் எப்படிம்மா பாக்கறது?"

படங்களை மாற்றுவதற்கான ஒப்புதல் காகிதத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மொத்தம் இருபத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இது என்னுடையது அல்ல என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். படமெடுக்கும் பெண் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவள் தலையசைக்கும்வரை காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. முழங்கையின் சொரசொரப்பு. எப்போதும் கோணலாக வெட்டிக்கொள்ளும் கட்டைவிரல் நகம். கெண்டைக்காலில் முள்வேலி கிழித்த வடு. அவர் பக்கத்தில் படுத்த அத்தனை வருடத்தில் இவ்வளவு வெளிச்சத்தில் அவரைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. என்னுடையது அல்ல, என்னுடையது அல்ல என்று கை எழுதிக்கொண்டே போனது.

கடைசிப் படம் உள்ளங்கால். பெரிதாக்கச் சொன்னாள். ரேகைகள் உழுத வயல் போல விரிந்தன. கருமை வந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை. சுத்தமான பாதம். திரையைத் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. தொட்டாள். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்தாள்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் திரை ஒரு நிமிடம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு பெண்ணின் முதுகு வந்தது. யாருடையதோ என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அது தன்னுடையது என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"யாரு இது, பேனாவால கிறுக்கி வெச்சிருக்கறது?" என்றாள் படமெடுக்கும் பெண்.

மச்சத்தைச் சுற்றி நீல மையில் ஒரு சின்ன முக்கோணம். அளவு எடுக்க ஊன்றும் புள்ளிக்கு வரைபடத்தில் போடுகிற குறி. முதல்முறை படமெடுக்க வந்த அன்று காலை ரவிக்கை மாட்டும்போது முதுகில் ஏதோ குறுகுறுத்ததும், "டாக்டர் வழி தப்பிடக் கூடாதுல்ல," என்று அவர் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. கோடுகள் மூன்றும் நேராக இருந்தன. கை நடுங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டிருப்பார்.

டாக்டர் அம்மா இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்திப் பார்த்தார். "இம்மியும் மாறல. நிம்மதியா போங்க," என்றார்.

அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "இது என் படம்தானே? காப்பி குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா. எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதும்."

"ரெண்டு," என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.