ஒச்சம்மாள் அழாத காட்சி

புருஷன் வெங்கடேஷ்பாபுவின் காரியமெல்லாம் முடிந்த மறுவாரமே நாகமணி வேலைக்குத் திரும்பிவிட்டாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை விரிவுரையாளர் அவள். திண்டுக்கல் ரோட்டு விபத்துகளில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களைப் பற்றி இரண்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதே ரோட்டில்தான் அவள் புருஷனும் போனான். வாடிப்பட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை மாதிரிகளைக் காட்டிவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது, தனிச்சியம் பிரிவில் ஒரு மணல் லாரி அடித்துவிட்டது. துறையில் யாரும் அதை அவள் முன்னால் பேசவில்லை. அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

வீட்டில் மாமியார் சௌராஷ்ட்ர மொழியில் ஏதாவது கேட்பார். அவளும் பதில் சொல்வாள். சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் ஏறினாள். பரீட்சைத் தாள் திருத்தினாள். எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

ஆராய்ச்சியில் தெரிந்ததை ஜனங்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று பல்கலைக்கழகம் போன வருஷமே பசுபதியின் நாடகக் குழுவோடு ஏற்பாடு செய்திருந்தது. நாகமணி சேகரித்த பேட்டிகளைக் கொடுப்பாள். பசுபதி அவற்றை நாடகமாக்கி பஸ் ஸ்டாண்டுகளிலும் சந்தைகளிலும் போடுவார். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று துறைத் தலைவர் சொன்னார். "வேண்டாம் சார், நானே பாக்குறேன்" என்றாள். விலகிக்கொள்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

தெப்பக்குளம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. புருஷன் செத்த சேதி ஒரு பெண்ணுக்கு வந்துசேர்வதுதான் மூன்றாவது காட்சி. அதில் நடித்தவள் ஒச்சம்மாள், அலங்காநல்லூரில் ரெடிமேட் துணி தைக்கிறவள். சேதி கேட்டதும் தலையை விரித்துப்போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். மண்டபத்துச் சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி மேடம்?" என்று பசுபதி மெதுவாகக் கேட்டார். இந்தக் காட்சியை அவள் முன்னால் போடவே தயங்கிய மனிதர் அவர்.

"நல்லாயிருக்கு சார்."

ஒத்திகை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஒச்சம்மாள் கூடவே வந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அக்கா, கேக்கக் கூடாதுதான். உங்களுக்குச் சேதி வந்தப்ப என்ன செஞ்சீங்க?" என்றாள்.

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நாகமணி யோசித்துப் பார்த்துச் சொன்னாள்.

"மாடியில காஞ்ச துணியை எடுத்துட்டு வந்து மடிச்சிட்டிருந்தேன். போன் வந்துச்சு. போலீஸ்காரர் ஒருத்தர் விஷயத்தைச் சொன்னாரு. சரிங்க சார், ரொம்ப நன்றின்னு சொல்லி வச்சேன். மிச்சத் துணியையும் மடிச்சேன். அவரு சட்டையை எடுத்து பீரோவுல வச்சேன். அப்புறம்தான் அத்தைகிட்டப் போய்ச் சொன்னேன்."

"அழலையா?"

"இல்ல."

"அப்புறமாச்சும்?"

"அப்புறமும் இல்ல ஒச்சு."

பஸ் வந்தது. "வாரேன்க்கா" என்று ஒச்சம்மாள் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த ஒத்திகையில் ஒச்சம்மாள் ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்தாள். சேதி சொல்பவன் வந்து சொன்னான். அவள் தலையாட்டினாள். கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தாள்.

"என்ன ஒச்சு, பாட்டு மறந்துபோச்சா?" என்றார் பசுபதி.

"இல்லண்ணே. இப்படியும் நடக்கும்ல. அப்படித்தான் செய்யப் போறேன்."

"பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டம்மா இது. சத்தம் போட்டு அழுதாத்தான் திரும்பியே பாப்பான். துணி மடிச்சா எவன் நிப்பான்?"

இருவரும் நாகமணியைப் பார்த்தார்கள். பேட்டிகளில் என்ன இருக்கிறது என்று பசுபதி கேட்டார். "ரெண்டும் இருக்கு சார். அழுதவங்களும் இருக்காங்க, அழாதவங்களும் இருக்காங்க" என்றாள். அழாத பெண்களை அவளுக்கு நினைவிருந்தது. சமயநல்லூரில் ஒருத்தி, எனக்கு ஒண்ணுமே தோணலைம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போது நாகமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள்.

"ஒரு எடத்துல இப்படிப் போட்டுப் பாருங்க" என்றாள்.

வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் போட்டார்கள். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். லாரிக்காரனாக நடித்தவன் பண்ணிய சேட்டைக்கெல்லாம் ஜனம் சிரித்தது. மூன்றாவது காட்சி வந்தது. சேதி கேட்ட ஒச்சம்மாள் உட்கார்ந்து ஒரு வேட்டியை மடித்தாள். பிறகு ஒரு துண்டு. கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. நாகமணிக்கு முன்னால் நின்ற ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவனிடம், "சொட்டுத் தண்ணி வரலையே மாப்ள. வேற ஆளு வச்சிருப்பா போல" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திண்டுக்கல் பஸ் உள்ளே வந்ததும் பாதிப் பேர் அதைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

அவன் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான், அது வலிக்க வேண்டும் என்று நாகமணிக்குத் தெரிந்தது. காத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. அந்த ஆளின் காலரில் அழுக்கு இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேனுக்குப் பின்னால் ஒச்சம்மாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாகமணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"அந்த நாயி சொன்னது உங்க காதுல விழுந்துச்சாக்கா?"

"விழுந்துச்சு."

"கோவமே வரலையா உங்களுக்கு?"

"வரலை ஒச்சு. நீ தண்ணி குடி."

அன்றைக்கு வேனிலேயே நாகமணி பசுபதியிடம் சொல்லிவிட்டாள். "ஒப்பாரியையே வச்சுக்குங்க சார். ஹெல்மெட் போடணும், குடிச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு நாலு பேராவது கேக்கணும். அதுக்குத்தானே வந்தோம்."

பசுபதி சரி என்றார். ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்காகத்தான்க்கா அப்படிச் செஞ்சேன்" என்றாள்.

"தெரியும்."

"அம்புட்டுத்தானா?"

நாகமணி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஒச்சம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூரில் நாடகம். சொந்த ஊர் என்பதாலோ, உள்ளே கிடந்த கோபத்தாலோ, ஒச்சம்மாள் அன்று எடுத்த ஒப்பாரி கடைவீதி முழுக்கக் கேட்டது. பஸ் வந்து ஹாரன் அடித்தும் யாரும் நகரவில்லை. நாகமணியின் பக்கத்தில் நின்ற பெண் விசும்ப ஆரம்பித்து, கடைசியில் முன்பின் தெரியாத நாகமணியின் தோளிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள்.

"பாவம்மா அவ. இனி எப்படி இருப்பா" என்றாள் அந்தப் பெண்.

நாகமணி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தோளில் ரவிக்கை நனைந்து, ஈரம் உள்ளே இறங்குவது தெரிந்தது.

"ஆமாம்மா, பாவந்தான்" என்றாள்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தது. ஹெல்மெட் என்ன விலை என்று பசுபதியிடம் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒச்சம்மாள் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள், சொல்லிக்கொள்ளவில்லை. மைக்கையும் ஒயரையும் சுற்றி வேனில் ஏற்றுவதற்கு ஆள் போதவில்லை என்று நாகமணியும் போய் ஒரு பக்கம் பிடித்தாள்.